கங்கைகொண்ட சோழபுரம்: கோயிலைப் பார்க்கிறோம், தலைநகரைப் பார்ப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்திலிருந்து புறப்படும் கோயில் சுற்றுலா வேன்களின் அட்டவணையில் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் முக்கால் மணி நேரம். தாராசுரத்துக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு நிறுத்தம். வேனை விட்டு இறங்குகிறார்கள், விமானத்தின் முன் நின்று படம் எடுக்கிறார்கள், பெரிய லிங்கத்தைத் தரிசித்துவிட்டுச் சிங்கக் கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக இருந்த ஊரில் தாங்கள் நின்றதே அவர்களில் பலருக்குத் தெரியாது. தஞ்சைக் கோயிலின் தம்பி ஒன்றைப் பார்த்ததாக எண்ணிக்கொண்டு போகிறார்கள்.

குறை அவர்களுடையது அல்ல. கோயிலைத் தாண்டிப் பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்ல அங்கே ஏற்பாடு எதுவும் இல்லை. இந்த நகரை எழுப்பிய முதலாம் ராஜேந்திர சோழனின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் ஆடித் திருவாதிரை வரும்போது மட்டும் மேடையும் மின்விளக்குமாய் ஊர் களைகட்டும். 2025 ஜூலை 27 அன்று பிரதமர் வந்தார், ராஜேந்திரன் பெயரில் நினைவு நாணயம் வெளியிடப்பட்டது, நாடே திரும்பிப் பார்த்தது. மறுநாள் வந்தவருக்கும் அதே முக்கால் மணிதான்.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தஞ்சையில் அரண்மனை, கோயில், ஆற்றுப் பாசனம் எல்லாம் இருந்தும் ராஜேந்திரன் ஏன் கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே வந்தான்? 1022–23 வாக்கில் கங்கைப் படையெடுப்பு முடிந்தது. 1025ஐ ஒட்டிப் புதிய தலைநகர் எழுந்தது. வெற்றியின் நினைவாகக் கட்டினான் என்று பாடநூல் சொல்லும், அது பாதிதான். சோழர்களின் சண்டையெல்லாம் அப்போது வடக்கே, சாளுக்கியரோடும், இன்றைய ஆந்திரக் கடலோரமான வேங்கி நாட்டு அரசுரிமைக்காகவும் நடந்துகொண்டிருந்தது. காஞ்சிக்கும் அதற்கு அப்பாலும் போகும் படை, தஞ்சையிலிருந்து புறப்பட்டால் காவிரியின் கிளைகளையும் கொள்ளிடத்தையும் கடந்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அது எளிதல்ல. கொள்ளிடத்துக்கு வடகரையில், வெள்ளம் ஏறாத செம்மண் மேட்டில் தலைநகர் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

மேட்டு நிலம் வெள்ளத்திலிருந்து காக்கும். ஆனால் தண்ணீர் தராது. ஆகவே நகரோடு கூடவே ஓர் ஏரியும் வெட்டப்பட்டது. திருவாலங்காட்டுச் செப்பேடு ‘நீர்மயமான வெற்றித் தூண்’ என்று சொல்லும் சோழகங்கம் அதுதான். இன்று பொன்னேரி என்கிறோம். வென்ற அரசன் கல்லில் தூண் நாட்டுவது வழக்கம், இவன் நீரில் நாட்டினான் என்று அந்த வரியைப் பலரும் சிலாகிப்பார்கள். கவிநயம் இருக்கட்டும். ஏரி இல்லையென்றால் இங்கே தலைநகரே இல்லை என்பதுதான் அதைவிடப் பெரிய சேதி. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பொன்று கரையின் நீளம் 16 மைல் என்றும், தென்கோடியில் கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கும் மேற்பட்ட கால்வாய் ஒன்றும், வடகோடியில் வெள்ளாற்றிலிருந்து சிறிய கால்வாய் ஒன்றும் நீர் கொண்டுவந்தன என்றும் பதிவு செய்திருக்கிறது. அந்தக் குறிப்பு எழுதப்பட்டபோதே ஏரி தூர்ந்து, உட்பகுதியில் காடு மண்டியிருந்தது.

நீரைப் போலவே இந்த மண்ணில் இல்லாத இன்னொன்று கருங்கல். அரியலூர் வட்டாரத்தில் தோண்டினால் சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் செம்மண்ணும் வரும். கோயில் கட்டும் கருங்கல் வராது. வெளியிலிருந்து இழுத்து வர வேண்டும். அதனால் கல்லைக் கோயிலுக்கு வைத்துக்கொண்டு, மதில், அரண்மனை, தெரு வீடு எல்லாவற்றையும் செங்கல்லிலும் மரத்திலும் கட்டினார்கள். பிற்பாடு நடந்த அழிவுக்கும் இதே கல் பஞ்சம்தான் காரணம். 1279இல் மூன்றாம் ராஜேந்திரனோடு சோழ அரசு முடிந்து, பாண்டியர் கை ஓங்கிய பின் அரண்மனையைக் காக்க ஆளில்லை. மரம் மக்கியது. நன்றாகச் சுட்ட பெரிய செங்கல் தரையில் கிடக்கும்போது சூளை போட யாருக்குத் தோன்றும்? சுற்றுவட்டாரத்தார் தலைமுறை தலைமுறையாக எடுத்துப் போய் வீடு கட்டிக்கொண்டார்கள். கல்லின் முறை 1836இல் வந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டபோது, அருகில் வேறு கருங்கல் இல்லாததால், கோயிலின் திருச்சுற்று மதிலைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். ஊர் மக்கள் தடுத்தார்கள். தடுத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. பிரித்த கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னதும் நிறைவேறவில்லை. கிழக்குக் கோபுரம் சிதைந்து கிடப்பதைப் பார்த்து ‘தில்லிப் படைத்தளபதி மாலிக் காபூர் இடித்தது’ என்று வழிகாட்டிகள் சிலர் சொல்லிவிடுகிறார்கள். அணைக்கரை வழியாகக் கும்பகோணம் திரும்புகிற பயணிக்கு, இந்தக் கோயில் மதிலின் கல் அந்த அணையில்தான் இருக்கிறது என்று சொன்னால் அவர் அணையையும் இறங்கிப் பார்ப்பார்.

இனி நகரம். கல்வெட்டுகளையும் தரையில் எஞ்சியிருப்பதையும் சேர்த்துப் படித்தால் ஓரளவு வரைபடம் கிடைக்கிறது. நகருக்கு உள்மதில், வெளிமதில் என இரண்டு அரண்கள். வெளிமதில் சுட்ட செங்கல்லால் ஆனது, அகலம் 6 முதல் 8 அடி. முழுவதும் செங்கல் அல்ல: இரண்டு சுவர்களை எழுப்பி, இடையில் மணலை நிரப்பியிருக்கிறார்கள். செங்கல்லை மிச்சப்படுத்தும் முறை அது. செங்கல் போன பிறகு எஞ்சிய மணலும் மண்ணும் இன்று அரண்மனைப் பகுதியைச் சுற்றி நீண்ட மேடாகத் தெரிகின்றன. தெரியாதவர் கண்ணுக்கு அது வயல் வரப்பு, அல்லது பழைய ஏரிக்கரை. ‘ராஜேந்திர சோழன் மதில்’ என்று கல்வெட்டு சொல்வது இந்த மேட்டைத்தான் என்று ஒரு பலகை நட்டால் போதும், வரப்பு மதிலாகிவிடும்.

கிழக்கு வாசலுக்குத் திருவாசல் என்று பெயர். தெற்கே வேம்புகுடி என்னும் ஊருக்குப் போகும் வாசல் வேம்புகுடி வாசல். ராஜராஜன் பெருவழி, ராஜேந்திரன் பெருவழி என்று பெருந்தெருக்கள் இருந்தன. மதுராந்தக வடவாறு என்ற கால்வாய் நகருக்குக் கிழக்கே ஓடியது. அரண்மனை மேட்டிலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவில் இன்றும் வடவாறாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாசலும் தெருவும் போய்விட்டன. பெயர்கள் போகவில்லை. உட்கோட்டை, கோட்டைக்கு உள்ளே இருந்த பகுதி. மாளிகைமேடு, அரண்மனை இருந்த மேடு. மெய்க்காவல்புத்தூர், மெய்க்காவலர் குடியிருப்பு. சுண்ணாம்புக்குழி, கட்டடத்துக்குச் சுண்ணாம்பு தந்த இடம். கொஞ்சம் தள்ளிக் கடாரங்கொண்டான் என்றே ஓர் ஊர். பேருந்துப் பலகையில் இந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே வரும் பயணிக்கு, தலைநகரின் குடியிருப்புகளைத்தான் ஒவ்வொன்றாகக் கடக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. ஊர்ப்பெயர்ப் பலகைக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்க்க என்ன செலவாகிவிடும்?

மாளிகைமேடு கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் 2 கிலோமீட்டர். 1980களிலிருந்து மாநிலத் தொல்லியல் துறை இங்கே பலமுறை அகழ்ந்திருக்கிறது. 2021இல் மீண்டும் தொடங்கியது. அங்கே போகிறவர் தூணும் மாடமும் நிற்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போவார். இருப்பது செங்கல் அடித்தளச் சுவர்களும், தூண் நட்ட கருங்கல் பீடங்கள் சிலவும். ஆனால் அவற்றை எப்படிப் படிப்பது என்று தெரிந்தால் அரண்மனை கண்முன் எழும். கல்பீடம் இருக்கிறது, கல் தூண் இல்லை. ஆகவே தூண் மரத்தாலானது. மரத்தைக் கரையான் அரிக்காமல், தரையின் ஈரம் ஏறாமல் இருக்கத்தான் அடியில் கல் வைத்தார்கள். சிறிய தட்டை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றைப் பல அடுக்காக நைசான சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கூரை வேய்ந்தார்கள். இரும்பு ஆணிகளும் பற்றுக் கம்பிகளும் மரச் சட்டங்களைப் பிணைத்தவை. சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்துள்ளன. கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) வரை கப்பல் அனுப்பியவர் வீட்டில் அவை இருப்பதில் வியப்பில்லை. கோயிலையொட்டி உள்ள சிறிய அகழ்வைப்பகத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு மேட்டுக்குப் போவது நல்லது. வரிசையை மாற்றினால் மேட்டில் வெறும் செங்கல்தான் தெரியும்.

அரண்மனைக்கும் கோயிலுக்கும் சுரங்கப்பாதை இருந்தது என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சுரங்கப்பாதைக் கதை இல்லாத கோட்டை ஏது?

கோயிலைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது. யுனெஸ்கோ 1987இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் பட்டியலில் சேர்த்தது; 2004இல் இதையும் தாராசுரத்தையும் இணைத்தது. அதன் குறிப்பில் இந்த விமானத்தின் உயரம் 53 மீட்டர். தஞ்சையைவிடக் குறைவு, தந்தைக்கு மரியாதையாக மகன் உயரத்தைக் குறைத்தான் என்பது ஊகம். உயரத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். தஞ்சை விமானம் பட்டைக்கூம்பாக, நேர்க்கோட்டில் மேலேறும். இங்கே மூலைகள் உள்வாங்கி, விளிம்பு குழிந்த வளைவாக மேலே போகிறது. இந்த வளைவு கோயிலடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது. மதில் ஓரமாக ஒரு மூலைக்குப் போய், இரண்டு பக்கமும் கண்ணில் படும்படி நின்றால்தான் தெரியும். படம் எடுப்பவருக்கும் அதுவே சரியான இடம்.

சிற்பங்களில் ஒன்றுக்கு மட்டுமாவது பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். அர்த்தமண்டபத்தின் வடபுறப் படிக்கட்டருகே உள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தி. இறைவன் உமையோடு அமர்ந்து, கீழே பணிந்திருக்கும் சண்டேசர் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். சண்டேசர் முகத்தில் ராஜேந்திரனையே காட்டியிருக்கிறார்கள் என்று கலை ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். எதிர்ப்பக்கம் அமர்ந்திருக்கும் கலைமகளையும் விட்டுவிட வேண்டாம். வாயில்களில் ஒரே கல்லில் செதுக்கிய ஆறு இணை வாயிற்காவலர். உள்ளே, தாமரை வடிவில் ஒரே கல்லில் அமைந்த சூரிய பீடம். சாளுக்கியப் பாணி, வெற்றிப் பொருளாக வந்தது என்று கருதப்படுவது. வாயிலுக்கு எதிரே உள்ள நந்தி கல் அல்ல, செங்கல்லும் சுதையும்.

அங்கே சொல்லப்படும் சில செய்திகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. விமான நிழல் தரையில் விழாது என்பது ஒன்று. காலை எட்டு மணிக்கு விமானத்துக்கு மேற்கே புல்வெளியில் நின்றால் அந்த நிழலிலேயே நிற்கலாம். சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம். கருவறைக்குள் சந்திரகாந்தக் கல் பதித்திருப்பதால் கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் வெதுவெதுப்பு என்பது இன்னொன்று. கனத்த கல் சுவர், அதற்குள் மற்றொரு சுவர், இரண்டுக்கும் நடுவே நடை, திறப்போ மிகக் குறைவு. பகல் வெப்பம் அத்தனை கல்லையும் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். குளிர்ச்சிக்கு அதுவே போதுமான காரணம். மூன்றாவது சிங்கக் கிணறு. ராஜேந்திரன் கங்கை நீரை ஊற்றிய கிணறு என்பார்கள். சிங்க உருவத்தின் உடல் வழியாகப் படியிறங்கும் அந்த அமைப்பு 19ஆம் நூற்றாண்டில் உடையார்பாளையம் ஜமீனால் செய்யப்பட்டது. அங்கேயே எழுத்து இருக்கிறது. ஜமீன் கட்டியது என்றால் அழகு குறைந்துவிடுமா என்ன?

ராஜேந்திரன் கல்வெட்டைக் காட்டுங்கள் என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். தஞ்சைக் கோயில் சுவர் முழுக்க ராஜராஜன் பேசுகிறான். இங்கே ராஜேந்திரன் பேசவில்லை. சுவரில் உள்ளவற்றில் பழையது அவன் மகன் வீரராஜேந்திரன் காலத்தது. கோயிலைக் கட்டியவன் ராஜேந்திரன் என்பதற்கு விழுப்புரம் பக்கத்து எசாலம் என்ற ஊரில் 1987இல் கிடைத்த செப்பேடு சான்று தருகிறது. கருவூர்த்தேவர் இந்தத் தலத்தைப் பாடிய திருவிசைப்பாப் பதிகமும் உண்டு. இந்த இரண்டையும் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டக் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். ஆக மொத்தம் 300 மீட்டர். அரண்மனை மேடோ 2 கிலோமீட்டர் தள்ளி, மாநிலத் துறையின் பொறுப்பில். ஏரி பொதுப்பணி, நீர்வளம் என்று வேறு கையில். மதில் மேடு பல இடங்களில் பட்டா நிலம். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஊர்ப்பெயர்ப் பலகை வைப்பது ஊராட்சியோ நெடுஞ்சாலையோ. தலைநகர் ஒன்று, சொந்தக்காரர் ஐந்து பேர். யுனெஸ்கோ பட்டியலில் உள்ளதும் கோயில்தான், நகரம் அல்ல. நடுவே இருக்கும் நிலத்தில் அடித்தளம் தோண்டும்போது பழஞ்செங்கல் வந்தால் அது யார் கணக்கிலும் இல்லை.

இதற்கு முன்மாதிரி தேடி வெளிநாடு போக வேண்டாம். ஹம்பியும் இப்படித்தான் இருந்தது. அங்கிருந்த விஜயநகரம் ஒரு கோயிலில் அடங்காத தலைநகர். 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்த ஊர், துங்கபத்திரையின் குறுக்கே பாலங்கள் கட்டத் தொடங்கியதால் 1999இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போய், 2006இல்தான் மீண்டது. இடையில் கர்நாடக அரசு 2002இல் தனிச் சட்டம் இயற்றி, 29 கிராமங்கள், 236 சதுர கிலோமீட்டர் பரப்பை ஒரே ஆணையத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அந்த ஆணையம் செய்ததெல்லாம் சரி என்று யாரும் சொல்லவில்லை. கடைத்தெருவில் குடியிருந்தவர்களை வெளியேற்றிய விதம் இன்றும் கசப்பாகவே இருக்கிறது. ஆனால் வரைபடம் ஒன்று இருக்கிறது, கேட்டால் பதில் சொல்ல ஓர் அலுவலகம் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு 236 சதுர கிலோமீட்டர் தேவைப்படாது. கோயில், உட்கோட்டை, மாளிகைமேடு, மதில் மேடு, சோழகங்கத்தின் கரை, மேலே சொன்ன சிற்றூர்கள், இவற்றை ஒரே வரைபடத்தில் அளந்து குறித்து, மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஐந்து துறைகளும் உட்காரும் ஒரு குழு இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். மக்களை அப்புறப்படுத்தும் பேச்சே எழக் கூடாது. அந்த ஊர்ப்பெயர்களைப் பிழைக்க வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

பட்டா நிலத்தில் தொல்பொருள் கிடைத்தால் என்ன செய்வது என்பதைத் தெளிவாக, தமிழில், ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்வது முதல் படி. நாணயத்துக்கும் சிலைக்கும் இது பொருந்தும் என்று பலருக்குத் தெரியும். செங்கல் சுவர் வந்தால் என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். சொன்னால் நிலமே போய்விடுமோ என்ற அச்சத்தில் மூடிவிடுவார்கள், அல்லது செங்கல்லைப் பெயர்த்துவிடுவார்கள். வேலையை இரண்டு நாள் நிறுத்தி, படமெடுத்து, அளந்து பதிவுசெய்துகொண்டு, நிலத்தை உரியவரிடமே விட்டுவிடும் நடைமுறையை வகுத்து அறிவித்தால் அச்சம் குறையும்.

அகழ்ந்து திறந்த செங்கல் சுவரைக் காப்பது தனி வேலை. பல நூறு ஆண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருந்த சுவர், திறந்துவிட்டால் பத்து மழைக்காலம் தாங்காது. முதல் எதிரி குழிக்குள் தேங்கும் நீர். அடிச் செங்கல் அதை உறிஞ்சுகிறது, நீர் ஆவியாகும்போது உப்பு மேற்பரப்பில் பூத்து, செங்கல் தோல் தோலாக உதிர்கிறது. இரண்டாவது வேர்: எருக்கும் அரசும் வேம்பும் சாந்துக்குள் இறங்கினால் பிடுங்கும்போது சுவரும் சேர்ந்து வரும், முளையிலேயே அறுக்க வேண்டும். மூன்றாவது, நல்லெண்ணத்தோடு பூசப்படும் சிமென்ட். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் பழஞ்செங்கல் வழியாகத்தான் வெளியேறும், அதுதான் உடையும். பழுது பார்ப்பதென்றால் சுண்ணாம்புச் சாந்துதான், வேறெதுவும் கூடாது. தகரக் கூரை போடுவதாக இருந்தால் நீர்த்தாரையும் வடிகாலும் சேர்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீர் சுவரை ஒட்டியே பள்ளம் பறிக்கும். எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும் என்பதும் இல்லை. அளந்து, படமெடுத்து, மேலே விரிப்புத் துணி போட்டு, மணலால் மூடிவிட்டு, அதற்கு மேல் புதுச் செங்கல்லால் அதே சுவரின் கோட்டை ஓர் அடி உயரத்துக்குக் காட்டலாம். பார்ப்பவருக்கு அறையின் அளவு புரியும். உண்மைச் சுவர் கீழே பத்திரமாக இருக்கும்.

பலகைகள் ஃபிளெக்ஸில் வேண்டாம். இரண்டு கோடையில் வெளுத்து, மூன்றாவது ஆடிக் காற்றில் கிழியும். கருங்கல் பலகையில் எழுத்து வெட்டலாம். கல்வெட்டு ஊரில் கல்லில் எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர், தஞ்சையிலிருந்து 70, ஜெயங்கொண்டத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள். ரயிலில் வருவோர் கும்பகோணம் அல்லது அரியலூரில் இறங்கலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. நண்பகல் 12 முதல் மாலை 4 வரை நடை சாத்தியிருக்கும். சுற்றிலும் கல் தளம், வெறுங்காலில் நடக்க முடியாத சூடு. ஆகவே காலை 7 மணிக்குள் வந்துவிட வேண்டும். வெளிச்சுவர்ச் சிற்பங்களைத் தெற்கில் தொடங்கி வலமாகச் சுற்ற ஒரு மணி நேரம், உள்ளே அரை மணி, அகழ்வைப்பகம் அரை மணி. பத்து மணிக்கு மேல் மாளிகைமேட்டில் நிழல் கிடையாது. பங்குனி முதல் ஆடி வரை குடையும் தண்ணீரும் இல்லாமல் போக வேண்டாம். முக்காலி வைத்துப் படமெடுக்கத் தொல்லியல் துறையின் முன்அனுமதி தேவை. நல்ல சாப்பாட்டுக்கு ஜெயங்கொண்டமோ கும்பகோணமோ போவதுதான் சரி. ஐப்பசிப் பௌர்ணமியில் 13 அடி உயர லிங்கத்துக்கு நடக்கும் அன்னாபிஷேகத்தைக் காண வருவோர், அன்றைக்குச் சிற்பம் பார்க்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட வேண்டும், கூட்டம் நகரவிடாது.

ஏரியைப் பார்க்க ஏற்ற காலம் கார்த்திகை முதல் தை வரை. மழை பொய்த்த ஆண்டில் அங்கே நீர் இராது, கரை மட்டும் இருக்கும். ஆனாலும் கரைமேல் நின்று விமானம் இருக்கும் திசையை நோக்கினால்தான் நகரத்தின் அளவு பிடிபடும். அதற்கு அங்கே போகும் வழியைக் காட்டும் பலகை ஒன்று வேண்டும், வேன் திரும்ப இடம் வேண்டும். சோழகங்கத்தைச் சீரமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. தூர் வாரும் இயந்திரங்கள் இறங்குவதற்கு முன், பழைய மதகுகளும் கால்வாய் முகங்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று தொல்லியல் துறையினர் ஒருமுறை கரை முழுவதும் நடந்து குறித்துவிட வேண்டும். வாரிய மண்ணைக் கரையில் கொட்டிய பிறகு அவற்றைத் தேடினால் கிடைக்காது.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
ஜெயங்கொண்டம், அரியலூர் மாவட்டம்.